அபியும் தொல்ஸும், நடுவில் ஒரு குறி

மும்பை செம்பூரில் காலை எட்டே காலுக்கு மின்சார வண்டி ஏறினால் கடைசி ஸ்டேஷனான சி.எஸ்.எம்.டி. போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆகும். குர்லாவில் ஏறும் கூட்டத்தில் பை ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். அதைத் தாங்கிக்கொண்டால் வடாலா ரோட்டில் கொஞ்சம் நிற்க இடம் கிடைக்கும். பெண்கள் பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கைபேசியில் கதை படிப்பேன். மூன்று வருடமாக இதுதான் வழக்கம். கூட வரும் நர்ஸ் அக்கா ஒருவர், கோலிவாடாக்காரர், ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, தினமும் இதையே படிக்கிற? நாவலா?"

"நாவல் மாதிரிதான் அக்கா. டிவி தொடர்ல வர்ற ஆட்களை வச்சு ரசிகர்கள் எழுதுற கதை."

"இதுக்கு யாரு காசு கொடுக்கிறா?"

யாரும் கொடுப்பதில்லை. நாமும் கொடுக்க வேண்டாம். அவர் இறங்கும் ஸ்டேஷன் வந்துவிட்டதால் அன்றைக்குப் பேச்சு அதோடு நின்றது. அவருக்குச் சொல்ல நினைத்த மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படிக்கும் இடத்தின் பெயர் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன். சுருக்கமாக ஏஓ3 என்பார்கள். வர்ஜீனியா உல்ஃப் பெண்களுக்கு ஒரு தனி அறை வேண்டும் என்று எழுதினாரே, அந்தத் தலைப்பை ஒட்டி வைத்த பெயர். 2007-ல் ரசிகர்கள், பெரும்பாலும் பெண்கள், தங்களுக்கென்று ஒரு லாப நோக்கில்லாத அமைப்பைத் தொடங்கினார்கள். எழுதியதை எவனோ ஒரு கம்பெனிக்காரன் ஒரே இரவில் அழித்துவிடக் கூடாது, அதை வைத்து எவனும் காசு பார்க்கவும் கூடாது என்பதுதான் காரணம். 2009 நவம்பரில் தளம் எல்லோருக்கும் திறந்தது. சர்வர் அவர்களுடையது, செலவு நன்கொடையில் நடக்கிறது, விளம்பரம் ஒன்றுகூடக் கிடையாது. 2019-ல் அறிவியல் புனைகதை உலகின் ஹ்யூகோ விருது கிடைத்தது. இன்றைக்கு ஒரு கோடிக்கும் மேல் கதைகள் இருக்கின்றன.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது அக்கா மகள். மாட்டுங்காவில் கல்லூரியில் படிக்கிறாள். அதற்கு முன்பு நான் வேறொரு செயலியில் படித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது அத்தியாயம் வரை இலவசம், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் நாணயம் வாங்க வேண்டும். நாயகி கதவைத் திறக்கும் இடத்தில் பூட்டுப் படம் வந்து நிற்கும். ஒரு மாதத்தில் நானூறு ரூபாய்க்கு மேல் போயிருந்தது. அதைப் பார்த்த பிள்ளை, "சித்தி, இதை அழிங்க முதல்ல" என்று சொல்லிவிட்டு என் போனில் ஏஓ3-ஐத் திறந்து கொடுத்தாள். படிக்க உறுப்பினராக வேண்டியதுகூட இல்லை. ஒவ்வொரு கதைக்கும் மேலே தரவிறக்கப் பொத்தான் இருக்கிறது; ஈபப், பிடிஎஃப் என்று வேண்டிய வடிவில் எடுத்துக்கொள்ளலாம். காட்டன் கிரீன் பக்கம் எனக்குச் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அதனால் ராத்திரியே இறக்கி வைத்துவிடுவேன். 2023 ஜூலையில் யாரோ தாக்குதல் நடத்தித் தளமே முடங்கிப்போன சமயத்திலும் எனக்குப் படிக்க ஏழெட்டுக் கதை கையில் இருந்தது.

இந்த வசதியெல்லாம் நல்லதுதான். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. இங்கே கதைகளுக்குப் போடும் அடையாளச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டேக் என்பார்கள். எந்தத் தொடர், எந்தப் பாத்திரங்கள், யாருக்கும் யாருக்கும் உறவு, சோகமா, சுபமா, எந்த வயதினருக்கு, எல்லாம் கதைக்கு மேலேயே இருக்கும். உறவைக் குறிக்க இரண்டு குறிகள். இரண்டு பெயருக்கு நடுவே சாய்கோடு போட்டிருந்தால் அது காதல் ஜோடி. '&' போட்டிருந்தால் நட்பு, சொந்தம், கூட்டாளி, குரு சிஷ்யை, எதுவாகவும் இருக்கலாம், காதலாக மட்டும் இருக்காது.

இந்த இரண்டு குறிகளைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கோலங்கள் அபிதான்.

2003-லிருந்து 2009 வரை சன் டிவியில் ஓடியது. என் கல்யாணத்துக்கு முன்பு ஆரம்பித்து, நான் இரண்டாவது பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு முடிவைப் பார்த்தேன். தேவயானி அபியாக நடித்தார். குடும்பத்தைச் சுமக்கும் மூத்த பெண், பாஸ்கரைக் கட்டிக்கொண்டு படாத பாடு பட்டுப் பிரிகிறாள், கட்டுமானத் தொழிலில் இறங்கித் தானே ஒரு முதலாளி ஆகிறாள். அப்பாவின் இன்னொரு குடும்பத்தில் பிறந்த ஆதி அவளை அழிக்கப் பார்க்கிறான். இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு நண்பன், தொல்காப்பியன். தொல்ஸ். இயக்குநர் திருச்செல்வமே நடித்தார். அபிக்குத் தொழில் பேச, கோபப்பட, அழ ஓர் ஆள் வேண்டும் என்றால் அவன்தான்.

எங்கள் சால், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பு முழுக்க இதே விவாதம். தண்ணீர் வரும் நேரத்தில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பேசுவார்கள். தொல்ஸை அபி கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கட்சி. அப்படிச் செய்தால் இத்தனை நாள் ஊர் பேசியது உண்மை என்று ஆகிவிடாதா என்று இன்னொரு கட்சி. அந்தக் குடவரிசையில் நடந்ததும் கதை கட்டுவதுதான் என்பது ஏஓ3-க்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரு கட்சி சாய்கோடு கேட்டது. இன்னொரு கட்சி '&' கேட்டது. எழுதி வைக்க இடம்தான் இல்லை.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். அந்தத் தொடரில் கல்யாணமாகி வந்த ஜோடிகள் எத்தனையோ. அவர்களைப் பற்றிக் குடவரிசையில் யாரும் வாதாடவில்லை. அபியைப் பற்றித்தான் வாதாடினார்கள். முதல் வருடத்து அபிக்கும் நான்காம் வருடத்து அபிக்கும் அவ்வளவு தூரம் இருந்தது. அந்தத் தூரத்தை நடக்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்களோ, அவர்களைத்தான் நாம் அவளோடு சேர்த்துப் பார்க்கிறோம். கதைக்காரர்கள் யாரைக் கணவன் என்று காட்டுகிறார்கள் என்பது இரண்டாம் பட்சம். மூன்று வருடமாக இங்கே படித்துப் படித்து நான் கண்டுகொண்டது இதுதான். ஒரு தொடர் தன் பெண்ணை எந்த அளவுக்கு வளர்க்கிறதோ, எந்த இடத்தில் வளர்ப்பதை நிறுத்திவிடுகிறதோ, அதைப் பார்த்துத்தான் ரசிகர்கள் அவளுக்கு ஜோடி சேர்க்கிறார்கள்.

இப்படி ஜோடி சேர்ப்பதை ஷிப் என்பார்கள். அந்தச் சொல்லே டிவியால் வந்ததுதான். எக்ஸ் ஃபைல்ஸ் என்ற அமெரிக்கத் தொடர் 1993-ல் தொடங்கியது. அதில் ஸ்கல்லியும் மல்டரும் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் தங்களை ரிலேஷன்ஷிப்பர் என்று சொல்லிக்கொண்டார்கள், அதன் வால்தான் ஷிப்பர். ஸ்கல்லி மருத்துவம் படித்தவள், ஆதாரம் கேட்பவள். மல்டரை இடத்துக்கு இடம் மறித்துக் கேள்வி கேட்பவள். அவள் வெறுமனே தலையாட்டுகிறவளாக இருந்திருந்தால் இந்தச் சொல்லே பிறந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஸ்டார் ட்ரெக். 1966-லிருந்து 69 வரை ஓடிய பழைய விண்வெளித் தொடர். 1967-லேயே ரசிகைகள் ஸ்பாக்கனேலியா என்று சொந்தமாக இதழ் போட்டார்கள். எழுபதுகளில் அவர்களில் சிலர் கிர்க், ஸ்பாக் என்ற இரண்டு ஆண்களைக் காதலர்களாக வைத்து எழுதத் தொடங்கினார்கள். சாய்கோடு போடும் வழக்கமே அந்த ஜோடியிலிருந்து வந்தது. பெண்கள் ஏன் இரண்டு ஆண்களை எழுதினார்கள் என்று அக்கா மகள் கேட்டாள். அந்தத் தொடரில் உஹுரா என்று ஓர் அருமையான பெண் அதிகாரி உண்டு. மூன்று வருடத்தில் அவளுக்கு முதல் பெயர்கூடத் திரையில் சொல்லவில்லை. தொலைத்தொடர்பு மேஜையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பது, சண்டை, சமாதானம் எல்லாம் அந்த இரண்டு ஆண்களுக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். உணர்ச்சி எங்கே இருந்ததோ அங்கேதானே ரசிகை போவாள்? ஏஓ3-ல் இன்றைக்கும் ஆண்-ஆண் ஜோடிகள்தான் எண்ணிக்கையில் முன்னால் நிற்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எத்தனை தொடர்கள் தங்கள் பெண்களை மேஜைக்குப் பின்னால் உட்கார்த்தியே வைத்திருந்தன என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

அப்புறம் 1995-ல் ஸீனா என்ற வீராங்கனையைப் பற்றிய தொடர் வந்தது. அதில் கேப்ரியேல் கிராமத்திலிருந்து கதை சொல்லும் ஆசையோடு கிளம்பி வரும் சின்னப் பெண். ஆறு வருடத்தில் கோலெடுத்துச் சண்டை போட்டு, வலிபட்டு, தவறு செய்து, ஸீனாவுக்குச் சமமாக நிற்கிறாள். இருவரும் வளர்ந்தது ஒருவர் கையைப் பிடித்து ஒருவர். அதனால் ரசிகைகள் இரண்டு பெண்களையும் சேர்த்துக் குவியல் குவியலாக எழுதினார்கள். அப்படி எழுதிய மெலிசா குட் என்ற ரசிகையையே தயாரிப்பாளர்கள் கூப்பிட்டுக் கடைசிப் பருவத்துக்கு எபிசோடு எழுதச் சொன்னார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு இறங்க வேண்டிய இடம் வந்தது தெரியவில்லை. பெட்டியே காலியான பிறகுதான் தலையை நிமிர்த்தினேன்.

நான் மிக அதிகமாகப் படிக்கும் ஜோடியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒன்ஸ் அப்பான் எ டைம், 2011-லிருந்து 2018 வரை ஓடிய அமெரிக்கத் தொடர். ஸ்நோ ஒயிட் கதையில் வரும் அந்தத் தீய ராணி, ரெஜினா, இதில் ஒரு சின்ன ஊரின் மேயர். ஹென்றி என்ற பையனைத் தத்தெடுத்து வளர்க்கிறாள். எம்மா என்ற பெண் பதினெட்டு வயதில், சிறையில் இருந்தபோது அவனைப் பெற்றவள், கொடுத்துவிட்டுப் போனவள். பையன் பத்து வயதில் தானே பஸ் ஏறிப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். பெற்றவளும் வளர்த்தவளும் நேருக்கு நேர்.

நமக்கு இது புதுசா? தேவகி, யசோதை கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நம் கதையில் அந்த இருவரும் ஒரே அடுப்பங்கரையில் நின்று, பையனுக்குக் காய்ச்சல் என்றால் யார் கஷாயம் வைப்பது என்று சண்டை போட்டதில்லை. இந்தத் தொடரில் போட்டார்கள். எம்மா ரெஜினாவின் ஆப்பிள் மரத்தில் ரம்பத்தை வைத்தாள். ரெஜினா எம்மாவை ஊரைவிட்டே துரத்தப் பார்த்தாள்.

அப்புறம் ரெஜினா மாறத் தொடங்குகிறாள். அவள் ஏன் கெட்டவளானாள் என்று தொடர் பொறுமையாகக் காட்டியது. குதிரை லாயத்தில் வேலை பார்த்தவனை அவள் காதலித்தாள், அவளுடைய அம்மாவே அவனைக் கொன்று, வயதான ராஜாவுக்கு அவளைக் கட்டிவைத்தாள். மாற்றம் ஒரே நாளில் வரவில்லை, நழுவி நழுவித்தான் வந்தது. மூன்றாம் பருவத்தின் நடுவில் ஒரு காட்சி. சாபத்தால் எம்மாவும் பையனும் ஊரைவிட்டுப் போக வேண்டும், எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள். ரெஜினா எம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவனை வளர்த்த நல்ல நினைவுகளை எல்லாம் அவளுக்குக் கொடுத்து அனுப்புகிறாள். நீதான் அவனைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தாய் என்று எம்மா நம்பும்படி. அந்தப் பத்து வருடமும் இனி அவள் பெயரில் இல்லை. ஒரு தாயிடமிருந்து இதைவிடப் பெரிதாக எதைக் கேட்க முடியும்? நான்காம் பருவத்தின் முடிவில் ரெஜினாவைக் காப்பாற்ற எம்மா இருட்டு என்ற தீய சக்தியைத் தன் மேல் வாங்கிக்கொள்கிறாள்.

இத்தனை எழுதியவர்கள், ஜோடி சேர்க்கும்போது என்ன செய்தார்கள் தெரியுமா? ரெஜினாவுக்கு ராபின் ஹுட். ஏன் என்றால் ஒரு தேவதையின் மந்திரப் பொடி அவனைக் காட்டியது. எம்மாவுக்கு ஹூக் என்ற கடற்கொள்ளைக்காரன், ஆறாம் பருவத்தில் கல்யாணமும் ஆனது. ராபினை அதற்கு முன்பே கொன்றும் விட்டார்கள். ஹூக் பாத்திரத்தைப் பிடித்தவர்களும் நிறையப் பேர் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ரெஜினாவுக்கு நடந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு வருடம் ஒரு பெண்ணைக் கஷ்டப்பட்டு மனுஷியாக்கிவிட்டு, அவள் யாரோடு வாழ்வது என்பதை மட்டும் பொடியிடம் விட்டால் எப்படி? ரசிகைகள் பொடியை நம்பவில்லை. அந்த நினைவுகளைக் கொடுத்த கையை நம்பினார்கள். ஸ்வான் குவீன் என்ற பெயரில் எம்மாவையும் ரெஜினாவையும் சேர்த்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். தொடர் முடிந்த பிறகும் நிற்கவில்லை.

அதில் நான் படித்த ஒரு நீண்ட கதையில் மந்திரமே கிடையாது. பையனின் பள்ளிக்கூட டிபன் டப்பாவை யார் கட்டுவது என்பதில் ஆரம்பிக்கிறது. ரெஜினா ரொட்டியின் ஓரத்தை வெட்டிக் கொடுப்பாள். எம்மா வெட்டாமல் வைப்பாள். பையன் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பான். முப்பது அத்தியாயம் கழித்து எம்மா ஒருநாள் காலையில் யாரும் கேட்காமல் ஓரத்தை வெட்டுகிறாள். ரெஜினா அதைப் பார்த்துவிட்டுக் காபியைக் கீழே வைக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. டாக்யார்டு ரோட்டில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நர்ஸ் அக்கா என்ன ஏது என்று கேட்காமல் கைக்குட்டையை நீட்டினார்.

ரெஜினாவுக்கு நடந்த மாதிரியே இன்னொன்று, ஸ்டார் ட்ரெக்கின் பிந்தைய தொடரான வாயேஜர். 1997-ல் செவன் ஆஃப் நைன் என்ற பெண் வருகிறாள். சின்ன வயதில் பிடித்துக்கொண்டு போகப்பட்டு இயந்திரமாக்கப்பட்டவள். நான்கு பருவம் முழுக்க அவள் மனுஷியாகக் கற்றுக்கொள்கிறாள். கற்றுக்கொடுப்பது கேப்டன் ஜேன்வேயும் கப்பல் டாக்டரும். 2001-ல் முடிவு நெருங்கும்போது திடீரென்று துணை கேப்டன் சக்கோட்டேயுடன் அவளுக்குக் காதல் என்கிறார்கள். அவளுடைய எந்த மாற்றத்திலும் அவனுக்குப் பங்கில்லை. ஏஓ3-ல் செவன் என்று தேடிப் பாருங்கள், ஜேன்வேயோடு இருக்கும் கதைகள் நிறையவே வரும். சக்கோட்டேயை ஜேன்வேயோடு சேர்த்து எழுதுகிறவர்கள் தனிக் கூட்டம். அந்த இரண்டு பேரும் ஏழு வருடம் ஒரே கப்பலை நடத்தினார்கள் அல்லவா?

சில சமயம் தொடர் பெண்ணைப் பாதியில் விட்டுவிடும். அப்போது ரசிகைகள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு இந்தியிலேயே உதாரணம் உண்டு. 2011-ல் ஸ்டார் பிளஸ்ஸில் வந்த இஸ் பியார் கோ க்யா நாம் தூன். லக்னோவிலிருந்து டெல்லிக்கு வரும் குஷி, மனசு சரியில்லை என்றால் ஜிலேபி சுடுவாள். பணக்கார அர்னவ் அவளை அவமானப்படுத்துவான், அப்புறம் காதலிப்பான். இரண்டு பேர் பெயரையும் ஒட்டி அர்ஷி என்பார்கள். எங்கள் கட்டடத்தில் மலையாளி, குஜராத்தி, தமிழ் என்று எல்லா வீட்டிலும் பார்த்தார்கள். அந்த ஜிலேபி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கைத்தொழில் அறிந்த பெண் அவள். தொடர் அதை வேடிக்கையாகவே வைத்துக்கொண்டது. நான் படித்த ரசிகர் கதைகளில் எத்தனையோ குஷிகள் அந்த ஜிலேபியை வைத்தே கடை போட்டிருக்கிறார்கள், கடனை அடைத்திருக்கிறார்கள், அர்னவிடம் போய் முதல் மன்னிப்பை வாங்கியிருக்கிறார்கள். ஜோடி அதேதான். ஆனால் அவள் முதலில் நிமிர்ந்து நிற்கிறாள், பிறகுதான் அவனோடு சேர்கிறாள். அவள் நிமிர்வதற்கு ஒதுக்கும் அத்தியாயங்களை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. நல்ல எழுத்தாளராக இருந்தால் பாதிக் கதை அதற்கே போய்விடும்.

தமிழில் இது தெரியாத வேலை இல்லை. புதுமைப்பித்தன் சாபவிமோசனத்தில் அகலிகையை எழுதினார். கல்லிலிருந்து எழுந்தவளை, சீதை தீக்குளித்த செய்தியை அவள் வாயாலேயே கேட்கவைத்து, மறுபடி கல்லாக்கினார். மூலக்கதை பேசவிடாத இரண்டு பெண்களை ஒன்றாக வைத்துப் பேசவிட்டது அது. '&' போட வேண்டிய உறவு என்று நான் சொல்வேன்.

சரி, இனி குறைகள். இங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் பொறுக்கி எடுத்துத் தருவதில்லை. பத்தில் ஏழு கதையை முதல் பக்கத்திலேயே மூடிவிடுவேன். வடிகட்டும் பகுதி முதல் தடவை பார்க்கும்போது வருமான வரிப் படிவம் மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் பழகிவிடும். முடிந்த கதைகள் மட்டும், இத்தனை சொற்களுக்கு மேல், இன்ன ஜோடி வேண்டாம் என்று எல்லாம் சொல்லலாம். குடோஸ் என்ற இதயக்குறி அதிகம் விழுந்தது எது என்று வரிசைப்படுத்தலாம். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், டிபன் டப்பா கதைக்கு அவ்வளவு ஒன்றும் விழவில்லை. அதிகாரபூர்வமான செயலி கிடையாது, உலாவியில்தான் படிக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எந்த வயதினருக்கு என்ற குறியைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கான கதைகள் ஒளிவுமறைவில்லாமல் எழுதப்பட்டவை. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் முகத்தில் வந்து விழாது. வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம் போன்றவற்றுக்கு மேலேயே எச்சரிக்கை போடும் ஏற்பாடு இருக்கிறது. எச்சரிக்கை போட விருப்பமில்லை என்று எழுதியவர் சொல்லியிருந்தால் அதையும் ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரிய மனக்குறை ஒன்றுதான். மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் வரும் பட்டியல் மிகச் சின்னது. இதில் தளத்தின் தப்பு எதுவும் இல்லை, எழுத வேண்டியது நாம்தான். மெட்டி ஒலியின் அக்கா தங்கைகள் இருக்கிறார்கள். எதிர்நீச்சலில் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று ஒரே வீட்டு மருமகள்கள் நாலு பேர், சமையலறையில் ஒருத்திக்கு ஒருத்தி துணையாக நின்று வளர்ந்தவர்கள். அவர்களுக்குள் எத்தனை '&' போடலாம்! இவ்வளவு தொடர் பார்க்கிறோம், இவ்வளவு வாதாடுகிறோம், எழுதி வைக்க மாட்டேன் என்கிறோம்.

இதை அம்மாவிடம் சொல்லிப் புலம்பினேன். எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மா மும்பைக்கு வந்து நாற்பது வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அபிக்கு நீ முடிவு எழுதுறதா இருந்தா தொல்ஸைக் கட்டிவைப்பியா?"

"எதுக்குட்டி? அவளுக்குக் கல்யாணம் பண்ணிப் பார்த்தது போதாதா?"

"அப்போ தொல்ஸ்?"

அம்மா காம்பைக் கிள்ளி ஓரமாகப் போட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவளாகவே சொல்லத் தொடங்கினாள். அபி ஒரு வீடு கட்டுகிறாளாம். மற்றவர்களுக்கு இல்லை, தனக்கு. நாலு மாடி எல்லாம் வேண்டாம், கிணறு வைத்த வீடு. தொல்ஸ் சாயங்காலம் வந்து செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, சுவர் கோணலாக இருக்கிறது என்பானாம். அவள் இல்லை என்பாளாம். இரண்டு பேரும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்களாம். கோணல்தான். இடித்துவிட்டு மறுபடி கட்டுவார்களாம். இருட்டியதும் அவன் வீட்டுக்குப் போய்விடுவானாம். அவள் தனியாக அந்தப் பாதிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காபி குடிப்பாளாம்.

"தனியாவா? பாவமா இல்லையா?"

"பாவம் என்னட்டி? அது அவ சுவரு."

அன்றைக்கே அதைத் தட்டச்சு செய்தேன். கதை போட உறுப்பினர் கணக்கு வேண்டும். மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு அழைப்புக்கு வரிசையில் காத்திருக்க வேண்டும். எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. தொடரின் பெயர் என்ற கட்டத்தில் கோலங்கள் என்று அடித்தேன். உறவு என்ற கட்டத்தில் அபி என்று அடித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்தக் கோடு போட்டால் காதல், இந்தக் குறி போட்டால் நட்பு, எது போடட்டும் என்று கேட்டேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டையும் பார்த்தாள்.

"இந்த வளைஞ்சு கிடக்குல்லா, அதப் போடு."

போட்டேன். மூன்றாம் நாள் காலை வண்டியில், ரே ரோடு தாண்டும்போது திறந்து பார்த்தேன். ஒரே ஒரு குடோஸ், பெயர் இல்லாத விருந்தாளியிடமிருந்து. உடனே வீட்டுக்குப் போன் பண்ணினேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எடுத்தாள்.

"யாரு போட்டா?"

"தெரியாதும்மா. பேரு இல்ல."

"பொம்பளையாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா. "அடுத்தது அபியோட சிநேகிதி உஷா வர்றதை எழுதணும். சாயந்தரம் சீக்கிரம் வா."